அதெல்லாம் கோதுமை இல்லக்கா, ரவைதான்

குடலுறிஞ்சிகளைப் பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும், சாப்பாட்டில் உள்ள சத்தை ரத்தத்துக்குள் இழுத்துக்கொடுப்பது அதுதான் என்று சொல்லிக்கொடுப்பேன். பிள்ளைகள் நோட்டில் அந்த விரல்கள் கோணல்மாணலாக இருந்தால் அரை மார்க் குறைப்பேன். போன ஆவணியில் ஒரு டாக்டர் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் அதே படத்தை எனக்கு வரைந்து காட்டினார். முதலில் சீப்புப் பற்கள் போல ஒரு வரிசை. "இது நார்மல்." அதற்குக் கீழே வெறுமனே ஒரு கோடு. "இது உங்களோடது." கோதுமையால் குடல் கெடுகிற சீலியாக் என்ற நோய் எனக்கு.

மூன்று வருஷமாக எனக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 8ஐத் தாண்டாது. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட், கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை, நாலு விதமான இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. பூச்சி மாத்திரை இரண்டு தடவை, கர்ப்பப்பை ஸ்கேன் ஒரு தடவை. வாயில் புண் வந்தால் லேசில் போகாது. வயிறு எப்போதும் உப்பலாக இருக்கும்; அதை வீட்டில் 'வாய்வு' என்று ஒதுக்கிவிட்டோம். மாடிப்படி ஏறி வகுப்புக்குள் போனதும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். மூச்சு வாங்குவது அடங்க இரண்டு நிமிடம் ஆகும். இதில் கொடுமை என்னவென்றால், 'சோத்துல என்ன சத்து இருக்கு, ராத்திரிக்குச் சப்பாத்தி சாப்பிடு' என்று யாரோ சொல்ல, இரண்டு வருஷம் தினமும் ராத்திரி மூன்று சப்பாத்தி. காலையில் பாலில் கலக்கிய மால்ட் பானம். உடம்பைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எதைத் தின்னக்கூடாதோ அதையே வேளை தவறாமல் தின்றிருக்கிறேன்.

'இவ்வளவு மாத்திரை போட்டும் உடம்பில் ஒட்டவில்லை என்றால் குடலைத்தான் பார்க்கணும்' என்று ஒரு பொது மருத்துவர் சொல்லி, குடல் நிபுணரிடம் அனுப்பினார். அங்கே டிடிஜி ஐஜிஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை, இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது. இருக்க வேண்டிய அளவைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வந்தது. எண்டோஸ்கோப்பிக்குப் பத்து நாள் கழித்துத் தேதி. "அதுவரைக்கும் கோதுமையை நிறுத்திராதீங்க" என்றார் டாக்டர். நிறுத்திவிட்டால் குடல் கொஞ்சம் ஆற ஆரம்பிக்கும், ரத்தத்திலும் அளவு இறங்கும், அப்புறம் நோய் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாமல் போய்விடும். எங்கேயோ படித்துவிட்டுத் தானாகவே கோதுமையை நிறுத்தி, ஆறு மாதம் கழித்துச் சோதனைக்கு வருகிறவர்கள்தான் தனக்குப் பெரிய தலைவலி என்று சொன்னார். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் முதலில் சோதனை, அப்புறம்தான் பத்தியம். மாற்றிச் செய்யாதீர்கள்.

அந்தப் பத்து நாளை நான் வீணாக்கவில்லை. செங்கோட்டைப் பக்கம் போய்ப் புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். புரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி வேட்டி மாதிரி விரிக்கிறாரே, அப்போதும் கிழியாமல் வருகிறதே, அந்த இழுவைக்குப் பெயர்தான் குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும் ரை என்கிற இன்னொரு தானியத்திலும் இருக்கிற புரதம். என் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது, சண்டையில் அடிபடுவது என் குடலே. கடைசித் துண்டைச் சால்னாவில் முக்கும்போது கண் கலங்கியது. சால்னா காரம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டேன்.

எண்டோஸ்கோப்பியில் எடுத்த குடல் துணுக்கின் சோதனை முடிவும், அதாவது பயாப்ஸியும், வந்தது. சீலியாக் நோய்தான். மருந்து கிடையாது, குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் மருந்து, ஆயுள் முழுக்க. "நல்லவேளை, நீங்க அரிசி சாப்பிடுற ஊரு. பஞ்சாப்ல இருந்தா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க" என்று டாக்டர் தேற்றினார்.

சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை. 'அது வடநாட்டுக்காரங்க வியாதில்லா?' என்றார்கள். அதில் பாதி உண்மை உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 100க்கு 1.23 பேர், தென்னிந்தியாவில் 0.10 பேர். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு, இருந்திருக்கிறது. வித்தியாசம் தட்டில்தான்: அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டிருக்கிறார், இங்கே 25 கிராம். நான் மூன்று சப்பாத்தியும் மால்ட்டுமாக வடக்கே குடிபோன மாதிரி சாப்பிட்டிருக்கிறேன்.

அரிசி சாப்பிடுகிற ஊர் என்ற தைரியம் சரியாகப் பதினைந்து நாள் நின்றது.

சப்பாத்தி, புரோட்டா, பூரி, பிரெட், பிஸ்கட், கேக், பன். இவ்வளவுதானே என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். காலையில் இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் ரசமும், ராத்திரி இடியாப்பம் அல்லது தோசை. பெரிய தியாகம் செய்தது மாதிரியே தெரியவில்லை. ஆனால் வயிறு மட்டும் குறையவே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மத்தளம் மாதிரி ஆகிவிடும். டாக்டர் தப்பாகச் சொல்லிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தார்கள். பெருங்காய டப்பாவைக் கவிழ்த்து, உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, எண்ணெயில் போட்டார்கள். டப்பா அடுப்பு மேடையில் என் பக்கமாகத் திரும்பி இருந்தது. சும்மா கையில் எடுத்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. என் கண்ணாடி போதாமல் அத்தையின் கண்ணாடியையும் வாங்கி மேலே பிடித்துக்கொண்டு படித்தேன். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று இருந்தது. அதற்குக் கீழே தனியாக, தடித்த எழுத்தில், 'கோதுமை அடங்கியது'. அசல் பெருங்காயம் பிசின். அப்படியே போட்டால் நெடி தாங்காது, டப்பாவில் தூளாகவும் நிற்காது. அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் விற்கிறார்கள். சிலர் அரிசி மாவு கலக்கிறார்கள், பலர் கோதுமை மாவு. கட்டிப் பெருங்காயமாக இருந்தாலும் கலப்பு இருக்கலாம், கட்டியாக இருப்பதாலேயே சுத்தம் என்று நினைக்க வேண்டாம்.

'இத்தனூண்டு காயத்துல என்ன வந்துரப் போகுது?' என்றார்கள் அத்தை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ராத்திரி பேப்பரில் கணக்குப் போட்டேன். ஒரு சட்டி சாம்பாருக்கு ஒரு கிராம் தூள். அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொண்டால் 500 மில்லிகிராம். கோதுமை மாவில் நூற்றுக்கு எட்டு பங்கு குளூட்டன் என்று எடுத்தால் 40 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 10. ஒரு நாள் முழுக்கவே 10 மில்லிகிராமுக்குள் இருக்கணும் என்பதுதான் டாக்டர் எனக்குச் சொன்ன வரம்பு. சாம்பாரிலேயே அது முடிந்துபோகிறது. இன்னும் ரசம் இருக்கிறது, மோர் இருக்கிறது, இட்லிப் பொடி இருக்கிறது, புளியோதரை இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது, முறுக்கு இருக்கிறது. சப்பாத்தியை வாசல் வழியாக அனுப்பிவிட்டு, பின்வாசல் வழியாகத் தினமும் மூன்று வேளை உள்ளே விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அலமாரியில் இருந்த எல்லா டப்பாவையும் இறக்கித் தரையில் பரப்பினோம். அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. கோதுமைக்கு நம் வீட்டில் ஏழெட்டுப் பெயர் இருக்கிறது, பாதிப் பெயரில் கோதுமை என்ற வார்த்தையே கிடையாது. ரவை, பாம்பே ரவை, மைதா, ஆட்டா, சேமியா. இதில் சம்பா ரவை என்று ஒன்று. சம்பா என்றால் நெல் என்று நம் காதுக்குப் பழக்கம், ஆனால் அது சம்பா கோதுமை. பார்லியை நாட்டு மருந்துக் கடையில் 'பார்லி அரிசி' என்றே கேட்டு வாங்குகிறோம், அதிலும் குளூட்டன் உண்டு. மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. ராகி சேமியா என்று பெரிதாகப் போட்டிருந்த பாக்கெட்டைத் திருப்பினால் ராகிக்கு அடுத்து கோதுமை மாவு. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை. அப்பளம் உளுந்துதான், ஆனால் சிலதில் மைதா கலப்பு, அதுபோகப் பல அப்பளத்தில் பெருங்காயம். அரிசி ரவை மட்டும் பெயருக்கேற்ற மாதிரி நல்ல பிள்ளை.

பாக்கெட்டில் கோதுமை கலந்திருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடணும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. 'குளூட்டன் இல்லாதது' என்று போடுவதற்கு ஒரு கிலோவில் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஆக, பாக்கெட்டில் அடைத்து வந்த பொருளைப் படித்துவிடலாம். படிக்க முடியாதது சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதும், கைமாற்றாக வருவதும், அன்பாக ஊட்டுவதும்.

பெருங்காயத்துக்கு மாற்று தேட ஒரு மாதம் ஆனது. நடுவில் ரசத்துக்குப் பூண்டு கூடுதலாகத் தட்டிப் போட்டார்கள், பரவாயில்லை. சாம்பார்தான் ஊமையாக இருந்தது. அப்புறம் அரிசி மாவு கலந்த காயம் ஒன்று கிடைத்தது. அத்தை ஆறு மாதத்துக்கு என்று இடித்து வைத்திருந்த சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி மூன்றையும் மைனி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் புதிதாக வறுக்க உட்கார்ந்தார்கள். பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர்களிடம் ரிப்போர்ட்டைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை என்று, ஒரு கதை சொன்னேன். நடந்த கதைதான். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை, ஜனங்கள் செடியின் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஊரே மெலிந்தபோது, இந்த நோய் வந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமை மேல் ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்தார். 1950இல் அதை ஆய்வாகவே எழுதினார். அத்தை கேட்டுவிட்டு, "பஞ்சத்துல பொழைச்ச பிள்ளைகளா?" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி பழைய சல்லடையைத் தூக்கிப் பரணில் போட்டார்கள்.

சல்லடையைச் சொல்லாமல் போகக்கூடாது. சட்டி, இட்லித் தட்டு, கரண்டி எல்லாம் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். மாவு சலித்த சல்லடையின் கண்ணுக்குள் இருப்பது எத்தனை தடவை கழுவினாலும் போகாது. பூரிக்கட்டையும் மரப்பலகையும் அப்படித்தான். சப்பாத்தி போட்டுப் பழகிய இரும்புத் தோசைக்கல்லை நான் பயன்படுத்துவதில்லை, எனக்கென்று புதிதாக ஒன்று வாங்கிப் பழக்கினோம். பூரி பொரித்த எண்ணெயில் மறுபடி எனக்கு அப்பளம் பொரிக்கக்கூடாது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்கு ராத்திரிச் சப்பாத்தி வேண்டும். மாவு உதறும்போது தூசு பறந்து எல்லாவற்றின் மேலும் உட்காருகிறது. அதனால் அவரும் ஒரு கரண்ட் அடுப்பும் பின்கட்டுக்குக் குடிபோனார்கள். இப்போது அவரே பிசைந்து, அவரே தேய்த்து, அவரே சுட்டுக்கொள்கிறார். இந்த வியாதியால் எனக்குக் கிடைத்த ஒரே உபரி லாபம்.

மில்லில் நடந்ததையும் சொல்லணும். இடியாப்ப மாவுக்கு அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, தெருமுனை மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா கோதுமை அரைத்து வாங்கிக்கொண்டிருந்தார். மில் அண்ணாச்சியின் இமை, மீசை, சுவரில் இருந்த சாமி படம் வரைக்கும் வெள்ளைப் பூச்சு. "அண்ணாச்சி, இதுல கோதுமை அரைக்காத மிஷின் எது?" என்று கேட்டேன். மிளகாய் அரைத்த மிஷினில் போடாதீங்க என்று எல்லாரும் கேட்பார்கள், அவருக்குப் பழக்கம். கோதுமையைப் பற்றி அப்படிக் கேட்டது நான்தான் முதல் ஆள் போல. "முதல் ரெண்டு கிலோ வேற யாராவது அரிசியைப் போட்டுத் தள்ளிட்டு, அப்புறம் உங்களுதைப் போடுதேன்" என்றார், நல்ல மனசு. ஆனால் அந்த அறையின் காற்றே மாவு. அரிசியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துப் புதுச் சல்லடையில் சலிக்கிறோம். இட்லி மாவு எப்போதும் வீட்டுக் கிரைண்டர்தான், அதில் தொல்லை இல்லை.

சிறுதானியம் எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. கம்பு, சோளம், கேழ்வரகு, குதிரைவாலி, சாமை, வரகு, தினை எல்லாம் சாப்பிடலாம். ஆனால் மாவாக வாங்கினால் மில் கதைதான். முழுத் தானியமாக வாங்கிச் சுளகில் போட்டுப் பார்க்கணும். முதல் தடவை ஒரு கிலோ சோளத்தைப் புடைத்தபோது மூன்று கோதுமை மணி ஓரமாக ஒதுங்கி நின்றது. நடுவில் அந்தக் கோடு. மூன்றே மூன்றுதான். ஆனாலும் என்னமோ வீட்டுக்குள் தேளைப் பார்த்த மாதிரி இருந்தது. ஓட்ஸ் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஓட்ஸைப் பெரும்பாலானோர் தாங்குவார்களாம், ஆனால் சாதாரணமாகக் கடையில் கிடைப்பதில் கோதுமைக் கலப்பு அதிகம்.

மூன்றாவது வாரம் வாக்கில் டீ குடித்தால் வயிறு உப்புவதைக் கவனித்தேன். மறுபடியும் கோதுமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று டீத்தூள் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அது பால். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. நுனியே இல்லாதபோது நொதி எங்கிருந்து வரும்? குடல் ஆறினால் தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். இரண்டு மாதம் பாலை விட்டு மோரும் கருப்பட்டிக் காப்பியுமாக ஓட்டினேன். இப்போது அரை டம்ளர் பால் தாங்குகிறது. முதல் வாரங்களில் வயிறு சரியாகவில்லை என்றால் கோதுமையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், பாலையும் ஒரு கண் பாருங்கள்.

பசிதான் நான் எதிர்பாராதது. நாலாவது வாரத்தில் இருந்து அகோரப் பசி. குடல் ஆறத் தொடங்கினால் இப்படி வருமாம். எப்போது பார்த்தாலும் சோறு, அப்பம், முறுக்கு என்று உள்ளே தள்ளினேன். மாதத்தில் இரண்டரைக் கிலோ ஏறியது, கூடவே மலச்சிக்கலும் வந்தது. வெள்ளை அரிசியை மட்டும் மூன்று வேளை தின்றால் நார்ச்சத்துக்கு எங்கே போவது? அப்புறம்தான் ஒரு வேளைக்குக் கம்போ குதிரைவாலியோ, மாலையில் சுண்டல், இரவில் கீரை என்று மாற்றினேன். எங்கள் பக்கத்து உளுந்தங்களி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, அதைவிட நல்ல சிற்றுண்டி எனக்குத் தெரியவில்லை. தேங்காய்ப் பாலில் செய்யும் சொதி இருக்கவே இருக்கிறது. ஆன்லைனில் குளூட்டன் இல்லாத பிரெட் ஒன்று வாங்கிப் பார்த்தேன். விலை மூன்று மடங்கு. கத்தியை வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கும் ஊரில் எனக்கு எதற்கு அது?

சரி, இப்போது ஓட்டலுக்கு வருவோம். ஐந்தாவது வாரம், மகளுக்குப் பிறந்தநாள். எச்சரிக்கையாகத்தான் போனேன். "தோசை மாவுல கோதுமை சேர்ப்பீங்களாப்பா?" என்று சப்ளையரிடம் கேட்டேன். "சேச்சே, நம்மகிட்ட அதெல்லாம் கிடையாதுக்கா" என்றான். நம்பி ஒரு ரோஸ்ட் சாப்பிட்டேன். நல்ல முறுகல். அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்தது. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அடுத்த வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அதே பையனிடம் நின்று கேட்டேன், அந்த முறுகல் எப்படி வருகிறது என்று. பெருமையாகச் சொன்னான்: "மாவுல ரெண்டு கை ரவை போடுவாங்கக்கா."

"ரவை கோதுமைதானப்பா?"

"அதெல்லாம் கோதுமை இல்லக்கா, ரவைதான்."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் கோதுமை என்றால் சப்பாத்தி. ரவை என்றால் ரவை. எனக்கே ஆறு வாரம் முன்னால் வரைக்கும் அப்படித்தானே இருந்தது. அன்றிலிருந்து கோதுமை என்ற வார்த்தையை ஓட்டலில் நான் சொல்வதே இல்லை. மைதா, ரவை, சேமியா, ஆட்டா, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். தோசை வேண்டாம், மாவு சரியாக இருந்தாலும் கல்லில் முன்னால் என்ன போட்டார்கள் என்று தெரியாது. சாம்பாரும் வேண்டாம், காயம் இல்லாத ஓட்டல் சாம்பாரை நான் இன்னும் பார்க்கவில்லை. காயமும் ரவையும் இல்லை என்று உறுதியானால் இட்லி. தொட்டுக்கொள்ளப் பொடியைக் கையோடு கொண்டுபோய்விடுவேன், நல்லெண்ணெய் மட்டும் கேட்டு வாங்குவேன்.

ஓட்டலைக்கூடச் சமாளித்துவிடலாம். விருந்துதான் பாடாய்ப் படுத்தியது. எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் அல்வா, யார் வந்தாலும் அல்வா. மைனி மகளுக்கு வளைகாப்பு. பெரியத்தை ஒரு துண்டு வாழை இலையில் அல்வாவை வைத்து நேராக என் கையில் கொடுத்துவிட்டார்கள். சூடு. நெய் இலை ஓரமாக வழிந்து மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு ஒத்துக்காது என்றேன். "நெய் அல்வா ஒத்துக்காதுன்னு சொன்ன ஒரு பிள்ளையை இப்பத்தான் பார்க்கேன்" என்றார்கள். குளூட்டன் என்றேன், முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. அலர்ஜி என்றேன். 'ஒரு வாய் தின்னா என்னளா ஆயிரும்?' பக்கத்தில் இருந்த மாமா ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "அல்வாவுக்குக் கோதுமையை ஊறப்போட்டு ஆட்டிப் பால்தானே எடுக்கோம், சக்கையைத் தூரத்தானே போடுதோம், அப்புறம் என்ன?" என்றார். நல்ல கேள்வி. குளூட்டனில் பெரும்பங்கு சக்கையோடு போவது உண்மைதான், ஆனால் துணியில் வடிக்கும்போது பாலோடு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், எனக்கு அந்தக் கொஞ்சமே அதிகம். இதை வளைகாப்பு வீட்டில், கையில் நெய் வழிய, எப்படி விளக்குவது?

அப்போது எங்கள் அத்தை ஒரு வார்த்தை சொன்னார்கள். "அவ பத்தியத்துல இருக்கா."

அவ்வளவுதான். பெரியத்தை அல்வாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "அதை முதல்லயே சொல்லப்புடாதா?" என்று கடிந்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார்கள். குளூட்டன் செய்யாததை, அலர்ஜி செய்யாததை, பயாப்ஸி ரிப்போர்ட் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்துவிட்டது. பத்தியத்தில் இருப்பவளை வற்புறுத்துவது பாவம் என்று எல்லாருக்கும் தெரிகிறது. ஒரே ஒரு சிக்கல், அடுத்த கேள்வி கண்டிப்பாக வரும்: 'எத்தனை நாளைக்குப் பத்தியம்?' ஆயுசுக்கும் என்று சொன்னால் பதறிப்போய்க் கைமருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். நான் 'டாக்டர் இன்னும் சொல்லலை' என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இரண்டு. மாத்திரைகளில் சேர்க்கும் மாவு எதிலிருந்து எடுத்தது என்று டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளுக்குச் சோதனை. பத்தில் ஒருவருக்கு இருக்கலாம் என்று சொல்லி, மகளுக்கும் தம்பிக்கும் எடுக்கச் சொன்னார் டாக்டர். மகளுக்கு இல்லை, ஆனால் பின்னால் வரக்கூடும் என்பதால் சில வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளணும். தம்பி இன்னும் எடுக்கவில்லை. அவனுக்குப் புரோட்டா மேல் இருக்கும் பயத்தைவிட ஊசி மேல் பயம் அதிகம் என்கிறான். எனக்கென்னவோ நேர்மாறாகத் தோன்றுகிறது.

மூன்றாவது மாதம் ஹீமோகுளோபின் 10.6. அதே இரும்புச்சத்து மாத்திரைதான், இப்போது ஒட்டுகிறது. டிடிஜி இறங்கியிருக்கிறது, இன்னும் வரம்புக்குள் வரவில்லை. அதற்கு ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகலாமாம். மாடிப்படி ஏறியதும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வதில்லை.

போன வாரம் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் நுழைந்தோம். சொட்டு மருந்து விட்டதில் அவர்களுக்குப் பார்வை மங்கல், மெனு அட்டையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். சப்ளையர் வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள், "ஏய்யா, மைதா, ரவை, சேமியா, ஆட்டா, கூட்டுக் காயம், இதுல எதுவும் படாம என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இட்லி இருக்கு பாட்டி" என்றான்.

"மாவுல ரவை போட்டிருக்கா?"

"உள்ள கேட்டுட்டு வாரேன்."

அவன் போய்க் கேட்டுவிட்டு வருவதற்குள் அத்தை மடியில் இருந்த மஞ்சப்பையில் கையை விட்டுத் தடவி, பொடி டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார்கள்.